பூசையில் வைத்த பில்டர்

மீன்களின் மீசையைப் பார்ப்பதற்காக நிரஞ்சன் சீமெந்துத் தரையில் முழங்காலிட்டுக் குனிந்தார். கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடித் தொட்டியின் அடிப்பக்கம் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்டியில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியின் ஆள் அவர். மாத்தளை, நாவுல பக்கங்களில் வீட்டில் மீன் பெருக்குபவர்களைத் தேடிப் பதிவு செய்வது வேலை. பதிவானவர்களுக்குக் கம்பனி தாய் மீனும் தீனியும் கொடுக்கும். குஞ்சுகளை மாதாமாதம் வந்து எடுத்துக்கொள்ளும்.

பிரதீபன் பக்கத்தில் நின்றான். சட்டையின் வலது கையை, மணிக்கட்டோடு கை முடிந்துவிட்ட இடத்தில் மடித்து ஊசி குத்தியிருந்தான்.

"மீன் நல்ல மீன்தான்," என்றார் நிரஞ்சன் எழுந்து. "ஆறா வாங்கினத முப்பத்திரெண்டா ஆக்கியிருக்கீங்க. எத்தன மாசத்துல?"

"பத்து."

"அதுவும் ஒத்தக் கையால." அதில் இரக்கமோ கேலியோ இல்லை. குறிப்பெடுப்பதைப் போலச் சொன்னார். "ஆனா மீசை தேஞ்சு போச்சு. பாத்தீங்களா? இது அடியில மேயுற சாதி. மூஞ்சால கிண்டிக் கிண்டித்தான் தின்னும். நீங்க போட்டிருக்கது ஒடச்ச கருங்கல்லு. ஒவ்வொரு வாய் தீனிக்கும் அது கண்ணாடித் துண்டு மாதிரி கல்லுல மூஞ்சிய தேய்க்குது. மீசை இல்லாத மீன கம்பனி எடுக்காது."

"என்ன செய்யணும்?"

"கல்ல பூரா எடுத்துட்டு மணல் போடுங்க. ஆத்து மணல், கூர் இல்லாம உருண்டதா பாத்து. ரெண்டு கிழம கழிச்சு ஞாயித்துக்கிழம வாரேன். மீன் மணல்ல மேயுறத கண்ணால பாத்தா அன்னைக்கே பேப்பர்ல பதிஞ்சிருவேன்."

அவர் மோட்டார் சைக்கிள் போன பிறகும் பிரதீபன் தொட்டிக்கு முன்னாலேயே நின்றான். அவனுக்கு இருபத்தொன்பது வயது. அந்தப் பேப்பரில் பெயர் ஏறினால் அவன் மறுபடி வேலை செய்கிற ஆள். ஏறாவிட்டால் அண்ணன் சண்முகராஜா வீட்டில் மூன்று வேளையும் இலைக்கு முன்னால் உட்காருகிற ஆள். ஒரு வருடமாக அப்படித்தான் உட்காருகிறான். அண்ணன் ஒரு சொல் சொன்னதில்லை. அண்ணி சிவநந்தினி மீன் துண்டில் பெரியதை அவனுக்குத்தான் வைப்பாள். அதனாலேயே சோறு இறங்குவதில்லை.

சண்முகராஜாவின் மில் மாத்தளை நகரத்துக்குள், பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பார்கள். வீடு மில்லின் முதுகோடு ஒட்டியது. இரண்டுக்கும் இடையில் உள்ள சிறிய அறையில் அந்த நாலடித் தொட்டி. போன வருடம் ஆயுத பூசையன்று மில் மிஷினின் பெல்ட் பிரதீபனின் வலது கையை இழுத்துக்கொண்டு போனது. பூசை முடிந்த பிறகு, மறுநாள் வரை எதையும் தொடக்கூடாத நேரத்தில், மிஷின் ஓடியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே பதில்தான் சொன்னார். "கேக்காம கொள்ளாம மிஷின போட்டான்." ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது அதை இரண்டு முறை கேட்டான் பிரதீபன். மறுக்கவில்லை.

மணல் வந்து சேர ஒரு கிழமை ஆனது. மில்லில் வேலை செய்யும் சசிக்குமாரின் மச்சானுக்கு வில்கமுவவில் உழவு இயந்திரம் இருந்தது. அவன் ஆற்றோரம் அள்ளிய மணல் இரண்டு உரப் பையில், நாவுல வழியாக வரும் பஸ்ஸின் பின்பக்கம் ஏறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சசிக்குமார் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான்.

"சின்ன மொதலாளி, எங்க வீட்டுல நாலு பேரு பாயில படுக்கிறோம். நீங்க மீனுக்கு மெத்த போடுறீங்க."

"நீயும் முட்டை போட்டு குஞ்சு பொரிச்சா ஒனக்கும் போடுறேன்."

"என் பொஞ்சாதிகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

மணலைக் கழுவுவதற்கே மதியமாகிவிட்டது. வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் விட்டு, கையால் கலக்கிச் சரிக்க வேண்டும். முதலில் தேநீர் நிறத்தில் ஓடியது. பிறகு கஞ்சி நிறம். பதினெட்டாவது தரம்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது. தொட்டியின் பழைய தண்ணீரில் பாதியைப் பெரிய பேசினில் இறைத்து மீன்களை அதில் விட்டார்கள். கல்லை அள்ளும் வேலை சசிக்குமாருடையது. அள்ள அள்ள அடியிலிருந்து கறுத்த அழுக்கு கிளம்பிச் சாக்கடை வாடை அடித்தது.

தொட்டியின் மேல்விளிம்பில் உட்காரும் பிளாஸ்டிக் பெட்டிதான் பில்டர். ஒரு சின்ன மோட்டர் தண்ணீரை மேலே தள்ளும். ஸ்பொஞ்சுக்கும் பீங்கான் வளையங்களுக்கும் ஊடாக அது ஒழுகித் திரும்ப விழும். சசிக்குமார் அதைத் தூக்கி, மூக்கைச் சுளித்தான்.

"இதையும் கழுவிருவமா? சேறு மாதிரி கெடக்கே."

"அதுல கை வைக்காத," என்றான் பிரதீபன். "அந்தச் சேறுதான் முக்கியம். மீனு போற மூத்திரம் தண்ணியில நஞ்சாகும். அத தின்னு தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்கு. பாதி கல்லுல இருந்திச்சு, பாதி இந்த ஸ்பொஞ்சுல இருக்கு. கல்ல எடுத்தாச்சு. இனி இது ஒண்ணுதான். ஒரு மாசத்துக்கு யாரும் தொடக் கூடாது."

"அப்ப இது மீனு வீட்டு கக்கூஸ்."

"கக்கூஸ் கழுவுற ஆளு."

இந்த விளக்கத்தைச் சசிக்குமாருக்குச் சொன்னான். வீட்டில் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் சிவநந்தினி. அவள் அந்த நேரம் நவராத்திரிப் பூசைக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். வந்த பிறகு சொல்ல வேண்டும் என்று பிரதீபனுக்குத் தோன்றவில்லை. பத்து மாதத்தில் அவள் ஒரு தடவை கூடத் தொட்டியில் கை வைத்ததில்லை.

சசிக்குமார் எடுத்த கல்லை மில் வாசலில், மழைக்குச் சேறாகும் இடத்தில் கொட்டிப் பரப்பினான். பிள்ளைகுட்டிகளை இறக்கி விடுவதைப் போல மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டான் பிரதீபன். முதல் அரை மணி நேரம் அவை மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிறகு ஒரு பெரிய மீன் மெல்ல இறங்கி, மூஞ்சியைக் கண் வரைக்கும் மணலுக்குள் புதைத்தது. செவுளால் மணலைப் புகைபோல விட்டது. மற்றவையும் இறங்கின. திங்களும் செவ்வாயும் அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மீன்கள் இப்படி மேய்வதை அதுவரை அவன் கண்டதில்லை.

புதன்கிழமை ஆயுத பூசை. அன்றுதான் கண்டி ஆஸ்பத்திரியில் அவனுக்குச் செயற்கைக் கைக்கு அளவெடுக்கும் கிளினிக்கும் இருந்தது. காலை ஐந்தரைப் பஸ்ஸில் போனான். அளவெடுப்பவர் லீவில் என்று பகல் இரண்டு மணிக்குச் சொன்னார்கள். அடுத்த திகதி எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அக்குறணையில் மழை பிடித்துக்கொண்டது. ஒழுங்கைக்குள் நுழையும்போது மணி ஆறு.

மில்லுக்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது. மிஷினுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியை விரித்து வீட்டிலும் மில்லிலும் உழைக்கிற எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். தராசு, படிக்கல், ஸ்பனர் செட், சுத்தியல், சல்லடைகள், சாக்குத் தைக்கும் ஊசி, அண்ணியின் தையல் கத்தரிக்கோல், அரிவாள்மனை, சசிக்குமாரின் சைக்கிள் பம்ப். எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தவை. தராசுக்கும் ஸ்பனர் செட்டுக்கும் நடுவில், படத்துக்கு நேர் முன்னால், பில்டர் பெட்டி இருந்தது. மூன்று சந்தனப் பொட்டு. மேலே ஒரு செவ்வரத்தைப் பூ.

"தம்பி, நல்ல நேரத்துக்கு வந்துட்டீங்க," என்றாள் சிவநந்தினி. அவள் முகம் நீண்ட நாளைக்குப் பிறகு மலர்ந்திருந்தது. "இந்த வருசம் ஒரு ஆயுதமும் விடுபடக் கூடாதுன்னு இருந்தேன். ஒங்களதும் வச்சிருக்கேன் பாருங்க. நீங்களும் இப்ப தொழில் செய்ற ஆளுதானே."

பிரதீபன் பெட்டியையே பார்த்தான். ஸ்பொஞ் வெள்ளையாக இருந்தது. வாங்கின அன்றைக்கு இருந்த வெள்ளை.

"எதால கழுவினீங்க அண்ணி?"

"மொதல்ல வெறும் தண்ணியில. போகவே இல்ல. எவ்வளவு ஊத்த தம்பி, சாமி முன்னால எப்படி வைக்கிறது? பிறகு சவக்காரமும் தேசிக்காயும் போட்டுத் தேச்சேன். அந்தச் சின்ன வளையத்த எல்லாம் சட்டியில போட்டு அவிச்சே எடுத்தேன். ஒண்ணும் ஒடையல."

"எப்ப?"

"காலையில. நீங்க போய் கொஞ்ச நேரத்துல."

அவன் சிறிய அறைக்குப் போய்ப் பார்த்தான். மோட்டரின் வயர் சுவரில் அழகாகச் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. மீன்கள் வேகமாக மூச்சு விட்டன. திரும்பி வந்து அண்ணனின் பக்கத்தில் நின்றான். சண்முகராஜா கற்பூரத் தட்டை கையில் எடுத்திருந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயது. தகப்பன் இறந்த பிறகு இவனை வளர்த்தவர்.

"அண்ணே, பில்டர எடுக்கணும்."

"காலையில எட்டே முக்காலுக்கு நல்ல நேரம் இருக்கு. அப்ப எடுத்துப் போட்டுக்க."

"மீனுக்கு காத்து போகாது."

"ஒரு ராத்திரிதானேடா. ஆத்து மீனுக்கு யாரு பில்டர் பூட்டினா?"

சசிக்குமார் சிரிக்கத் தொடங்கி, பிரதீபனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நாலடி தண்ணிக்குள்ள முப்பத்திரெண்டு மீன் அண்ணே. ஆறு இல்ல இது."

"பூசையில வச்சத நடுவுல எடுக்கக் கூடாது. மிஷின் பொருள் அது. சுவிச்சு போடுற பொருள். போன வருசம் பட்டது போதாதா ஒனக்கு?"

பிரதீபனின் குரல் உயரவில்லை.

"போன வருசம் மிஷின போடச் சொன்னது யாரு அண்ணே?"

கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. அவல் தட்டோடு நின்ற சிவநந்தினி அதைக் கீழே வைத்தாள். சசிக்குமார் தரையைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கல்யாண வீட்டுக்கென்று பதினைந்து கிலோ மிளகாயோடு வந்த ஆளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், "சட்டுனு ஒரு ஓட்டு ஓட்டிக் குடுடா" என்று சண்முகராஜா சொன்னபோது அவனும் அங்கேதான் நின்றான்.

"அதுக்குத்தான் சொல்றேன்," என்றார் சண்முகராஜா கடைசியில். "நான் சொல்லித்தான் போட்ட. அந்தப் பாவம் எனக்குப் போதும். இனி இந்த நாள்ல ஒரு சுவிச்சும் வேணாம்."

"நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள் சிவநந்தினி. "ஒரு வருசமா ஊருக்கெல்லாம் என்னன்னு சொன்னீங்க?"

அவர் படத்தின் பக்கம் திரும்பித் தீபம் காட்டத் தொடங்கினார்.

இனி யாரும் தடுக்கப் போவதில்லை என்பது பிரதீபனுக்குத் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தால் பெட்டி. இடது கையை நீட்டினான். சவர்க்காரமும் எலுமிச்சையும் மணத்தன. அதில் இனி உயிர் ஒன்றும் இல்லை, எடுத்து மாட்டினாலும் காற்றுக்குத்தான் உதவும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையை இழுத்தான். அது உண்மைதான். காற்றும் அந்த நேரத்தில் தேவையாகத்தான் இருந்தது என்பதும் உண்மை. சுவிச்சைத் தொட அண்ணனுக்கு இருந்த அதே பயம் அவனுக்கும் இருந்தது.

படுக்கப் போகும் வரை தொட்டியின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை கைபேசியில் நிரஞ்சனின் இலக்கத்தை எடுத்தான். கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பொஞ் கிடைத்தால் போதும், எல்லாம் சரியாகும். ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் தொட்டியைப் பிரித்துக் கழுவுவார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சமாளித்துவிட்டால் அவருக்குத் தெரியவே வேண்டியதில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

விஜயதசமி காலை எட்டே முக்காலுக்குச் சண்முகராஜா மில்லை ஓட்டிவிட்டு, பில்டர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி காட்டியபடி விளிம்பில் வைத்து வயரைச் சொருகினார். மோட்டர் உறுமி, தண்ணீர் விழத் தொடங்கியது.

"ஓடுதுல்ல," என்றார்.

"ஓடுது."

சண்முகராஜா மில்லுக்குத் திரும்பினார்.

அன்று முழுக்கத் தொட்டி இதுவரை இல்லாத அழகில் இருந்தது. புது மணலுக்கு மேல் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மல்லி அரைக்க வந்த பெண்கள் இருவர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சேர்ந்துகொண்டிருந்த நஞ்சுக்கு நிறம் கிடையாது. பிரதீபன் தீனியை நிறுத்தினான். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, இரண்டு நாள் பீப்பாயில் நின்ற பிறகுதான் மீனுக்கு விடலாம். அப்படி நின்ற தண்ணீர் அவனிடம் ஒரு பீப்பாய்தான் இருந்தது. வியாழன் அதில் பாதியை மாற்றினான், வெள்ளிக் காலை மீதியை.

வெள்ளி பகல் மீன்கள் அடியை விட்டு எழும்பின. ஒவ்வொன்றாக மேலே பாய்ந்து, வாயால் காற்றைக் கவ்விக்கொண்டு விழுந்தன. பிறகு அது நிற்கவே இல்லை, எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல. செவுள்கள் இரத்தச் சிவப்பாக இருந்தன. மூன்று மணிக்கு முதலாவது மீன் மணலில் பக்கவாட்டில் சாய்ந்தது. ஆறு பழைய மீன்களில் அது ஒன்று.

அவன் வாளியோடு மதில் தாண்டி நூருன்னிஸாவின் வீட்டுக்குப் போனான். அந்த ஒழுங்கையில் இன்னும் கிணறு இருப்பது அங்கே மட்டும்தான்.

"ராத்தா, கொஞ்சம் தண்ணி அள்ளிக்கிறேன்."

"இது என்ன கேள்வி தம்பி. எத்தன வாளி வேணும்னாலும் அள்ளுங்க." பிறகு விசயத்தைக் கேட்டு யோசித்தாள். "ஆனா இது கல்லுத் தண்ணி. எங்கட தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தல வந்து பாருங்க, அடியில வெள்ளயா ஓடு மாதிரி புடிச்சிருக்கு. எங்களுக்கே வயித்துக்குப் பாரம். மீனுக்குச் சரி வருமா?"

"குளோரின் இல்லயே ராத்தா. அது போதும்."

மாத்தளையில் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான். சசிக்குமார் மில்லை விட்டு ஓடி வந்து கயிற்றை இழுத்தான். இருபது வாளி மாற்றினார்கள். சனிக்கிழமை காலையில் பதினொரு மீன் செத்துக் கிடந்தது. மறுபடி கிணற்றுக்குப் போனபோது சண்முகராஜா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மில் சாத்தியிருந்தது. சனிக்கிழமை மில்லை அவர் சாத்தி யாரும் கண்டதில்லை. அன்று முப்பது வாளி இறைத்தார். கை கொப்புளித்தது. மாற்ற மாற்ற மீன்கள் இன்னும் வேகமாகச் செத்தன.

செத்தவற்றை வலைக்கரண்டியால் எடுத்துச் சிவநந்தினி ஒரு பழைய பால்மா டின்னில் போட்டாள்.

"எதனால தம்பி?"

"தண்ணி ஒத்துக்கல போல."

"மணல்ல ஏதும் இருந்திருக்குமோ?"

"இருக்கும்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நிரஞ்சன் வந்தார். அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று மூன்று பேருமே நினைத்து, மூன்று பேருமே சொல்லவில்லை. உள்ளே வந்தவர் மணலைப் பார்த்து, "நல்ல மணல்," என்றார். பிறகுதான் மணலுக்கு மேல் ஒரு மீனும் மேயவில்லை என்பதைக் கண்டார். பின்மூலையில் ஐந்து மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நின்றன.

அவர் பையிலிருந்து சிறிய போத்தலை எடுத்து, தொட்டித் தண்ணீர் கொஞ்சம் பிடித்து, சொட்டு மருந்து விட்டு ஆட்டினார். தண்ணீர் பச்சையாகி, பிறகு கடும் பச்சையானது. நஞ்சு கூடினால்தான் அந்தப் பச்சை வரும். பில்டர் மூடியைத் திறந்து, ஸ்பொஞ்சை விரலால் அமுக்கினார்.

"இத யாரு கழுவினா?"

பிரதீபன் வாயெடுப்பதற்குள் சிவநந்தினி கதவடியிலிருந்து சொன்னாள். "நாந்தான். ஆயுத பூசைக்கு. சவக்காரம் போட்டுத் தேச்சேன்." அவள் தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுதானா? அதுதான் கொன்னிச்சா?"

நிரஞ்சன் தட்டை வாங்கி மேசையில் வைத்தார்.

"நீங்க வேணும்னு செய்யலயே அக்கா. எங்க கம்பனியிலயே ஒரு ஆள் செஞ்சிருக்கார்."

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் பிரதீபனைக் கேட்டாள். "புதன்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் மணலுன்னு சொன்னீங்க?"

நிரஞ்சன் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"புதன்கிழமை எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம் பிரதீபன். ஓடின ஸ்பொஞ் என்கிட்ட ஆறு ஏழு கெடக்கு. கண்டியிலேர்ந்து ஒரு மணித்தியாலம். கொண்டாந்து போட்டுட்டுப் போயிருப்பேன். இந்தக் கெணத்துத் தண்ணி வேற. சுண்ணாம்புத் தண்ணியில அந்த நஞ்சு ரெண்டு மடங்காகும். நீங்க காப்பாத்தப் போய்த்தான் மிச்சமும் போயிருக்கு."

சண்முகராஜா தன் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான் பிரதீபன்.

"கொண்டு வந்தேன்." அவர் பையிலிருந்து கடதாசியை எடுத்து, மடிப்பைப் பிரித்து, திரும்ப மடித்தார். "மீன் சாகறது பெரிய விசயம் இல்ல. எல்லாருக்கும் சாகும். திரும்பத் தரலாம். ஆனா இதுல ஒரு கேள்வி இருக்கு, தனி இடமான்னு. வீட்டாளுங்க நடமாடுற அறையில கம்பனி மீன் வைக்க முடியாது. இது நடந்த பிறகு நான் ஆமான்னு எழுதினா என் வேல போகும். ஒரு தனி அறை வேணும். பூட்டு சாவி ஒங்ககிட்ட இருக்கணும். இருக்கா?"

இருந்தது. மில்லுக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு களஞ்சிய அறை. கரண்ட் இருந்தது, கதவு இருந்தது. உள்ளே கால்வாசி இடத்துக்கு மல்லி மூட்டை கிடந்தது. அந்த அறையை நிரஞ்சனைத் தவிர மற்ற மூவருக்கும் தெரியும். மூவரும் அதை நினைத்தார்கள். சிவநந்தினி கணவனைப் பார்த்தாள். பிரதீபன் பார்க்கவில்லை, தொட்டியின் கண்ணாடியில் விரலால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்.

"பின்னால ஒரு அறை இருக்கு," என்றாள் அவள், யாருக்கென்று இல்லாமல்.

சண்முகராஜா தொண்டையைச் செருமினார். "அதுல மல்லி கெடக்கே. மழ நேரம், எங்க எடுத்து வைக்கிறது." சற்று நின்று, "தை பொறக்கட்டும். பாப்போம்," என்றார்.

நிரஞ்சன் காத்திருந்தார். கடதாசியைப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்தார்.

"அவனுக்கென்ன," என்றார் சண்முகராஜா, இப்போது வேகமாக. "மில்லுல கவுண்டர்ல ஒக்காரட்டும். நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இருக்கிறது அவனுக்கும் சேத்துத்தானே." சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மில் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை மில் திறப்பதில்லை.

"இந்த அஞ்சையும் நீங்க கொண்டு போங்க," என்றான் பிரதீபன்.

"வச்சிருங்க. ஆறுல தொடங்கினவர்தானே நீங்க. அஞ்சுல தொடங்க ஏலாதா?"

"இங்க இருந்தா நாளைக்கு சாகும். ஒங்ககிட்ட ஓடின ஸ்பொஞ் இருக்கு."

நிரஞ்சன் மோட்டார் சைக்கிளிலிருந்து பொலித்தீன் பையும் இறப்பர் பட்டியும் எடுத்து வந்து, மீன் பையை வைக்கும் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டக் கயிறு தேடிக்கொண்டு மறுபடி வெளியே போனார். பிரதீபன் வலையை மணலோடு ஒட்டி மெல்ல நகர்த்தினான். மீன்கள் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஐந்தும் ஒரே வீச்சில் வந்தன. அவற்றைப் பைக்குள் விட்டு, பையின் வாயை முறுக்கினான். முறுக்கியதைப் பிடித்துக்கொண்டு பட்டியைச் சுற்ற இன்னொரு கை வேண்டும். பல்லால் கவ்வப் பார்த்தான். தண்ணீர் சிந்தியது.

சிவநந்தினி வந்து பையின் வாயைப் பிடித்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி," என்றாள். "என்ன திட்டியாவது இருக்கலாம்."

"இறுக்கிப் பிடிங்க அண்ணி," என்றான் அவன். "காத்து போகுது."

அவள் இறுக்கிப் பிடித்தாள். அவன் பட்டியை மூன்று சுற்றுச் சுற்றினான்.